இடுகாட்டு வழியைப் பெருக்கியவர்

ஆம்பூரை அடுத்துப் பாலாற்றங்கரையில் இருந்த வேலங்குப்பத்துக்கு அருணகிரி வெட்டியானாக இருந்தார். சேரியில் சாவு விழுந்தால் குழி வெட்டுவார். அதிகாரி யாராவது முகாம் வந்தால் அவர் நடக்கும் இடத்தைச் செதுக்கிப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். மணியக்காரர் சொல்லும் சேதியைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோவார். இதற்கெல்லாம் ஊர்க்கோடியில் ஒரு துண்டு மானிய நிலம் உண்டு. அதில் விளைந்தது போதாததால் மற்ற நாட்களில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்குச் சதை சீவப் போவார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைச் சாய்த்து வைத்த மரக்கட்டையின்மேல் விரித்துப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையை இழைத்து எடுக்கவேண்டும். கை கொஞ்சம் அழுந்தினால் தோல் போச்சு. அருணகிரியின் கை அழுந்தியதில்லை.

பிள்ளைகள் இல்லை. மனைவி தேவகி ஒருத்திதான். அவளும் ஓர் ஐப்பசி மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

சேரியின் இடுகாடு ஆற்றோரமாக, ஊருக்கு மேல்புறத்தில் ஒரு மேட்டில் இருந்தது. அதற்குப் போக இரண்டு வழி. ஒன்று சர்க்கார் புறம்போக்கில் போன பழைய வழி. ராமமூர்த்தி என்பவரின் தென்னந்தோப்பை ஒட்டி அது போயிற்று. தோப்பு பெருகப் பெருக வேலியும் தள்ளித் தள்ளி வந்து, ஒரு கட்டத்தில் வழி முழுவதும் தோப்புக்குள் போய்விட்டது. இரண்டு முனையிலும் வேலமுள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார். மற்றொன்று ஆற்றில் இறங்கி மணலிலேயே நடந்து மேடேறுவது. பாலாறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தானே. பாடையை மணல்வழியே தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். தோப்புக்காரரோடு எதற்குச் சண்டை என்று யாரும் வாய் திறக்கவில்லை.

தேவகி இறந்தபோது ஆறு இருகரையும் தொட்டு ஓடியது.

ராமமூர்த்தி முடியாது என்று சொல்லவில்லை. "தண்ணி வடியட்டும், ரெண்டு நாள் பொறுங்கடா. தோப்புக்குள்ள பொணம் போனா காய்ப்பு நின்னுடும்" என்றார். பொறுத்தார்கள். தண்ணீர் ஏறியதே தவிர இறங்கவில்லை. உடம்பை இனி வைத்திருக்க முடியாது என்றானபோது, ஷாப்பின் கணக்கர் ஆபித் பாஷா முதலாளியிடம் கேட்டு, ஷாப்புக்குப் பின்னால் கழிவு கொட்டும் பள்ளத்தில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். குழியை அருணகிரியே வெட்டினார். மண்வெட்டியில் மண் வரவில்லை; மாட்டு மயிரும் தோல் ஊறித் தீர்ந்த சுண்ணாம்பும் வந்தன. ஊருக்கெல்லாம் நிறைவாகக் குழி வெட்டியவர், தம் வீட்டுக் குழியைப் பார்க்கக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டே மூடினார்.

அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. காலையில் ஒருமுறை உலை வைப்பார், மாலையிலும் அதையே தின்பார்.

ஷாப்பில் மத்தியான வேளையில் ஆபித் பாஷா பத்திரிகை படித்துச் சொல்லுவது வழக்கம். உருதும் தமிழும் சரளம், இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வரும். ஒருநாள் சென்னைப்பட்டணத்துச் சட்டசபையில் மெம்பர்கள் கேள்வி கேட்பதையும் மந்திரிகள் பதில் சொல்வதையும் படித்தார்.

"கேட்டா பதில் சொல்லியே ஆவணுமா பாய்?" என்றார் அருணகிரி. அவர் வாய் திறந்ததே எல்லோருக்கும் ஆச்சரியம்.

"ஆவணும். மெம்பர் எழுதிக் குடுத்துட்டா மந்திரி எழுந்து நின்னு பதில் சொல்லணும். அப்புறம் அச்சு வேற போடுவான்."

"மந்திரி நிப்பாரா?"

"பின்னே இன்னா, படுத்துக்கினா சொல்லுவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அருணகிரி சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர்தான் நின்றுகொண்டு பதில் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டு, ஒருவர் எழுந்து நின்று பதில் சொன்னதில்லை.

ஆதிதிராவிடர்களுக்காகச் சர்க்கார் நியமித்திருந்த மெம்பர்களில் சுந்தரமூர்த்தி என்று ஒருவர் அந்தக் கோடையில் ஆம்பூருக்கு ஒரு பள்ளிக்கூடம் பார்க்க வந்தார். ஆபித் பாஷா அருணகிரியை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"வழி புறம்போக்கா, பட்டாவா?" என்று கேட்டார் மெம்பர்.

"புறம்போக்குங்க சாமி. எங்கப்பன் பொணம் அதுலதான் போச்சு."

"சாமி எல்லாம் வேணாம், அய்யான்னா போதும். உங்க பொஞ்சாதிய அடக்கம் பண்ணியாச்சு. இப்ப வழி கேக்கறது யாருக்காக?"

அருணகிரி யோசித்தார். "குழி வெட்டறவன் நான்தானுங்க. இன்னொருத்தர அந்தப் பள்ளத்துல வெட்டிப் போட என்னால ஆவாதுங்க."

மெம்பர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு விளக்கினார். "கேள்விய நான் குடுத்துடறேன். அது கலெக்டருக்கு வரும், அங்கேருந்து தாசில்தாருக்கு, அங்கேருந்து உங்க ஊருக்கு. இங்க பாக்கறத வெச்சுத்தான் பதில் மேல போவும். அதனால ஜாக்கிரதையா இருங்க."

ஜாக்கிரதை என்றால் வம்புதும்புக்குப் போகாமல் இருப்பது என்று அருணகிரி எடுத்துக்கொண்டார். ராமமூர்த்தி எதிரே வந்தால் ஒதுங்கி நடந்தார். தாமாக யாரிடமும் இதைப் பற்றிப் பேசவும் இல்லை.

ஆடி முடியும் சமயத்தில் மணியக்காரர் கூப்பிட்டு அனுப்பினார்.

"டேய் அருணகிரி, தாசில்தார் வர்றாரு. உங்க இடுகாட்டு வழியப் பாக்கணுமாம். முள்ளும் மொடக்குமா கெடக்குது. எஜமான் கால்ல குத்திச்சின்னா என் தலைதான் உருளும். செதுக்கி வை."

"வேலி முள்ள எடுக்கலாங்களா?"

"எடுக்காம எப்படிடா போவாரு? பறந்தா?"

அருணகிரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஷாப்புக்கு லீவு சொன்னார். சேரியே திரண்டு வந்தது. ஆண்கள் முள்ளைக் கவைக்கோலால் தள்ளினார்கள். அடுத்த குடிசை ரங்கம்மாள், அருணகிரிக்கு மூத்தவள், வாயாடி, குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். "தாசில்தார் வழுக்கி வுழுந்துடப் போறாருடா, போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு குடமும் ஊற்றினாள். முகாமுக்குச் செய்வதுபோல வழியின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு போட ஆபித் பாஷாவிடம் ஒரு கூடை சுண்ணாம்பு வாங்கி வந்தார் அருணகிரி. ராமமூர்த்தி தோப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா பெருக்குடா" என்றார். மனம் மாறிவிட்டார் என்றே அருணகிரி நினைத்தார்.

தாசில்தார் வந்தார். அந்தக் கோடுகளுக்கு நடுவே மேடுவரை நடந்துபோய்த் திரும்பினார். காலில் ஒரு தூசு ஒட்டவில்லை. "நல்லா வெச்சிருக்கீங்களே!" என்றார். பிறகு, துண்டை இடுப்பில் கட்டி நின்ற அருணகிரியைப் பார்த்து, "யாராவது தடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க எஜமான். இப்ப யாரும் தடுக்கலீங்க."

நேற்றுவரை அடைத்திருந்தது என்று அடுத்த வாக்கியத்தில் சொல்ல இருந்தார். அதற்குள் மணியக்காரர் சீவிய இளநீரை நீட்ட, தாசில்தார் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். இளநீர் ராமமூர்த்தியின் தோப்பில் பறித்தது. பதில் தாசில்தார் கையில் இல்லை, மந்திரி வாயில் அல்லவா இருக்கிறது என்று அருணகிரியும் சும்மா இருந்துவிட்டார்.

மறுநாள் விடிந்தபோது முள் பழைய இடத்தில் கிடந்தது. இதற்கும் சேர்த்துப் பதில் வரும் என்று சேரி காத்திருந்தது.

தை மாதத்தில் பத்திரிகையில் வந்தது. ஆபித் பாஷா தமிழாக்கி வாசித்தார். "சர்க்கார் விசாரித்ததில், மேற்படி வழி நடமாட்டத்துக்கு நல்ல நிலையில் இருக்கிறது. யாரும் தடுப்பதாகத் தெரியவில்லை. ஆகவே நடவடிக்கை எதுவும் தேவைப்படவில்லை."

அவருக்குக் கோபம் வந்தது. "நல்ல நிலையிலயா? எவன் போய்ப் பாத்தான்? எவன்..." என்று ஆரம்பித்தவர், தாம் அளந்து கொடுத்த சுண்ணாம்பு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"நான்தான் பாய் பெருக்கினேன்" என்றார் அருணகிரி.

அன்று மாலைக்குள் சேரி முழுவதும் தெரிந்துவிட்டது. ரங்கம்மாள் வாசலில் நின்றுகொண்டு, "மந்திரிய நிக்க வெக்கிறேன்னு போனான். தாசில்தாருக்குச் சாமி ஊர்கோலம் நடத்திட்டு வந்துட்டான்" என்றாள். தண்ணீர் தெளித்தது அவளும்தான். அதை அருணகிரி சொல்லிக் காட்டவில்லை. அவளுக்கும் அது ஆறவில்லை போலும். அதனால்தான் நாள்தோறும் சொன்னாள்.

யாரும் அவரை அடிக்கவோ ஊரைவிட்டுத் தள்ளவோ இல்லை. பேச்சு மட்டும் குறைந்துகொண்டே போயிற்று. ஷாப்பில் அவருக்குப் பக்கத்துக் கட்டையில் தோல் சீவியவன் வேறு கட்டைக்கு மாறிக்கொண்டான். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள் அவர் குடிசையைத் தாண்டிப் போனார்கள். குழி வெட்டமட்டும் கூப்பிட்டார்கள். அவர் மணலில் பாடைக்கு முன்னால் நடந்துபோய், வேலையை முடித்து, தனியாகத் திரும்பி வருவார். மழைக்காலத்தில் ஆற்றைப் பார்த்தபடி இருப்பார். யாருக்காவது இருமல் என்று கேள்விப்பட்டால் மறுபடியும் கரைக்குப் போய்த் தண்ணீரின் அளவைப் பார்த்து வருவார்.

மெம்பர் அவரைக் கைவிடவில்லை. அடுத்த வருஷத்துக் கூட்டத்தில் கேள்வியை வேறு மாதிரி எழுதினார். வேலி எந்தப் புறம்போக்கில் இருக்கிறது, அதைப் போட்டவர் ராமமூர்த்திதானா என்று பெயர் குறித்துக் கேட்டார். மறுபடியும் விசாரணை வந்தது. இந்த முறை வேறு தாசில்தார். மணியக்காரர் மறுபடியும் கூப்பிட்டார்.

"போன தபா செஞ்ச மாதிரியே செதுக்கி வெச்சுடுடா."

"முடியாதுங்க."

மணியக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாடா சொன்னே? உங்கப்பன், பாட்டன் செஞ்ச ஊழியம்டா இது. மானியம் சும்மாவா தின்றே?"

"மானியம் எடுத்துக்கோங்க. அந்த வழிய மட்டும் பெருக்க மாட்டேனுங்க."

அன்றே அருணகிரி சேரியில் வீடு வீடாகப் போனார். யாரும் முள்ளைத் தொடவேண்டாம், தாசில்தார் கேட்கும்போது கூட வந்து நின்றால் போதும் என்றார். கேட்டுக்கொண்டார்கள். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ரங்கம்மாள் மட்டும், "இந்தத் தபா இன்னா, தோரணமா?" என்றாள்.

மறுநாள் காலையில் அவர் முள்ளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். மணியக்காரர் அனுப்பிய சின்னசாமி, தேவகிக்கு ஒன்றுவிட்ட தம்பி, அரிவாளோடு வந்தான்.

"மாமா, நவுரு மாமா. என்னப் பேஜார் பண்ணாதே."

"நவுர மாட்டேன்டா."

சின்னசாமி சற்று நின்றான். ஒரு பீடியைப் பற்றவைத்து முழுவதும் குடித்தான். பிறகு, "எனக்கு வயித்து நோவுன்னு சொல்லிடறேன்" என்று அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

தாசில்தார் வந்தபோது முள்வேலிக்கு இந்தப் பக்கம் அருணகிரி ஒருவர்தான் நின்றார். சேரியில் கதவெல்லாம் சாத்தியிருந்தது. மணியக்காரரின் முகம் சிவந்திருந்தது. தாசில்தாரின் கால்சட்டையை ஒரு முள் பிடித்துக்கொண்டது. அதை விடுவித்துக்கொண்டே கேட்டார்: "இதுல எப்படிய்யா போவீங்க?"

"போறதில்லீங்க எஜமான்."

"பொணம் வந்தா?"

"ஆத்துல. ஆத்துல தண்ணி வந்தா..." அருணகிரி கையை நீட்டித் தொலைவில் தெரிந்த ஷாப்பின் ஓட்டுக்கூரையைக் காட்டினார். "அதும் பின்னால எம் பொஞ்சாதி கெடக்கறா. வந்து பாக்கறீங்களா?"

தாசில்தார் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் முள்ளைக் கண்டுவிட்டார்.

அந்த மாதமே வெட்டியான் வேலையும் மானியமும் சின்னசாமிக்குப் போயின. ஆவணியில் சர்வேயர் வந்து கல் நட்டார். முள் எடுக்கப்பட்டது. சட்டசபையில் பதில் அதற்கும் பிறகுதான் வந்தது. வழி அடைக்கப்பட்டிருந்தது உண்மை, தடை இப்போது நீக்கப்பட்டுவிட்டது என்று மந்திரி சொன்னதை ஆபித் பாஷா உரக்கவே படித்தார். கேட்க அருணகிரி மட்டும் இருந்தார். மற்றவர்கள் வேலைக்கு எழுந்து போயிருந்தார்கள்.

"உம் பொஞ்சாதிய எடுத்து அங்க மாத்திடலாமா? முதலாளிகிட்ட நான் சொல்றேன்" என்றார் ஆபித் பாஷா.

"வேணாம் பாய். சுண்ணாம்புல வெச்ச ஒடம்பு. தொறந்து பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

அந்தக் கார்த்திகையில் ரங்கம்மாள் இறந்தாள். ஆற்றில் நல்ல வெள்ளம். பாடை மேளத்தோடு அந்த வழியில் போயிற்று. முன்னால் சின்னசாமி நடந்தான். அருணகிரி தம் வாசலில் எழுந்து நின்றார். வா என்று யாரும் சொல்லவில்லை. கோபம் பழையதாகிவிட்டது, கூப்பிடுகிற வழக்கமும் விட்டுப்போயிருந்தது.

எல்லோரும் குளித்துத் திரும்பி, அடுப்புப் புகை கிளம்பிய பிறகு அவர் மேட்டுக்குப் போனார். சின்னசாமி குழியை ஆழமாக வெட்டவில்லை. மேல்மண் பொலபொலவென்று கிடந்தது. நாலு நாயோ ஒரு நரியோ வந்தால் தாங்காது. அருணகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றோரம் இறங்கினார். தூக்க முடிந்த கல்லாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து, தலைமாட்டிலிருந்து இடைவெளி விடாமல் அடுக்கத் தொடங்கினார்.