கொத்தனாருக்கு என்ன ஆச்சு?

நம் கொத்தனாரிடம் என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம். அளவு தப்பிவிட்டது என்று மட்டும் சொல்லக் கூடாது. துக்க வீட்டுக்குப் போனாலும் மனிதர் முதலில் பார்ப்பது நிலைப்படியை. கோணலாக இருந்தால், அழுகிறவர்களை விலக்கிக்கொண்டு போய், யார் வைத்த நிலை இது என்று விசாரித்துவிட்டுத்தான் துக்கம் விசாரிப்பார். இதற்காகவே அவர் மனைவி அவரை எங்கும் அழைத்துப்போவதில்லை.

அவருடைய இன்னொரு வியாதி, ஊர் தேவாலயத்தில் சிலையாக நின்ற கோபுரத்துப் புனிதை. ஆதி கிறிஸ்தவர்களைத் துரத்தித் துரத்திக் கொன்ற காலத்துப் பெண் அவள். பணக்கார அப்பா அவளைப் பூட்டிவைக்க ஒரு கோபுரம் கட்டினார். இரண்டு ஜன்னல் போதும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் பயணம் போனார். ரகசியமாக ஞானஸ்நானம் வாங்கியிருந்த மகள், பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவருக்குமாக மூன்றாவது ஜன்னல் வைக்கச் சொன்னாள். கோபுரம் கட்டிய கொத்தனாரும் வைத்தார். திரும்பி வந்த அப்பா கேட்டார், மகள் ஒளிக்காமல் சொன்னாள். அவரே வாளெடுத்து அவள் தலையை வெட்டினார். வெட்டிய கையோடு மின்னல் தாக்கிச் சாம்பலானார். கதையைக் கேட்டு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நம் ஆள் மட்டும், "அந்தக் கொத்தனாருக்கு என்ன ஆச்சு, ஃபாதர்?" என்பார்.

மாறி மாறி வந்த ஃபாதர்கள் எல்லோரிடமும் கேட்டாயிற்று. ஒருவர் அது முக்கியமில்லை என்றார். ஒருவர் ஜெபம் பண்ணச் சொன்னார். இப்போது இருப்பவர் இவரைத் தூரத்தில் கண்டாலே செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். வாளை உருவியபோது அந்த ஆள் எங்கே போனான், ஜன்னல் வைத்தவன் அவன்தானே என்று வீட்டில் வந்து பொருமுவார். தொழில்காரன் மானம் கப்பலேறிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

அப்படிப்பட்டவருக்குத்தான் லாரிக்காரர் வீட்டு மாடியறை வேலை வந்தது. லாரிக்காரர் வாயைத் திறந்தால் லாரிக்கு ஹாரன் தேவையில்லை. அவர் மகள், அப்பா பார்த்த மாப்பிள்ளை வேண்டாம், வேலைக்குத்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். சம்மதிக்கும்வரை மாடியில் கிடக்கட்டும் என்றுதான் அந்த அறை. இரண்டு ஜன்னல், இரண்டும் பின்பக்கத்துக் கிடங்குச் சுவரைப் பார்த்து. தெருப்பக்கம் ஒரு ஓட்டைகூடக் கூடாது. சொல்லிவிட்டு, வழியில் படுத்துக்கொண்ட லாரியைக் கிளப்பிவர வெளியூர் போய்விட்டார்.

சுவர் எழும்பிய பிறகு ஒரு நாள் டீ கொண்டுவந்த மகள் தெருப்பக்கச் சுவரருகே நின்றாள்.

"மேஸ்திரி, இங்க ஒரு ஜன்னல் வைக்க முடியுமா? தெருவையாவது பாத்துக்கிட்டு இருப்பேன்."

கொத்தனார் டீயை வாங்கிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். மூன்றாவது ஜன்னலுக்குப் பிறகு என்ன வரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தார். மெல்லிய கழுத்து. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தான் கட்டிய சுவரைத் தானே இடிக்க ஆரம்பித்தார்.

லாரிக்காரர் திரும்பி வந்து மாடியேறினார். ஜன்னலைப் பார்த்தார். யார் வைக்கச் சொன்னது என்று அவர் போட்ட சத்தத்தில் சாந்துச் சட்டியே அதிர்ந்தது. கை இடுப்பு பெல்ட்டுக்குப் போனது. மகள் நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தாள். அந்த நிமிர்வைக் கொத்தனார் சிலையில் பார்த்திருக்கிறார். விழுந்தடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றார்.

"ஐயா, என் தப்புங்க. அளவு... அளவு தப்பிப்போச்சு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அளவு தப்பினா ஜன்னல் சின்னதாகும், பெருசாகும். இல்லாத ஜன்னல் எப்படிய்யா வரும்?"

தெருப்பக்கத்தைப் பின்பக்கம் என்று நினைத்து ஆரம்பித்துவிட்டதாகவும், அப்புறம் சுதாரித்து அந்தப் பக்கம் வைத்தபோது இதை அடைக்க மறந்துவிட்டதாகவும் சொன்னார். எந்தக் கூமுட்டையும் செய்யாத தப்பு. லாரிக்காரர் முறைத்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. தன் வீட்டு வாசற்படி கோணல் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் இந்தக் கொத்தனார்தானே!

அந்த ஜன்னலை அடைக்க லாரிக்காரருக்கு மனசே வரவில்லை. கண்ணில் பட்டவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிப்போய் மேஸ்திரியின் லட்சணத்தைக் காட்டினார். ஆள் மேல் ஆள் வந்துபோனதில் கதவைப் பூட்டவே நேரமில்லை. ஒரு நாள் மகள் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி வேலைக்குப் போனாள். மறுநாளும் போனாள். மேஸ்திரி கதையைச் சொல்லிச் சிரிப்பதிலேயே இருந்த லாரிக்காரர் தடுக்கவில்லை. மாப்பிள்ளைப் பேச்சு தானாக அடங்கிவிட்டது.

கொத்தனார் பாடுதான் திண்டாட்டம். வீட்டுக்கு எது முன்பக்கம் என்று டீக்கடையில் போவோர் வருவோரெல்லாம் கேட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டார். மனைவியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் புருஷன் மானத்தைக் காப்பாற்ற அவள் தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவாள், அந்தப் பெண் மாட்டிக்கொள்ளும். மனைவியோ, கண்ணில்தான் கோளாறு என்று கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டர் கடைசி வரிப் பொடியெழுத்துவரை படிக்கவைத்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்துகொண்டே கேட்டாள்:

"அந்தப் பொண்ணு இப்ப நல்லாருக்காளா?"

கொத்தனார் தலையை ஆட்டினார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

ஊரே சிரித்தபோது வராத அழுகை அவருக்கு அப்போது வந்துவிட்டது.