மேஸ்திரிக்கு லைட் டூட்டி

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லைனில் இருந்த நாய்க்கு மேஸ்திரி என்று பெயர். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும் என்பதால் யாரோ வைத்த பெயர். வளர்த்தது நாங்கள். ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியதும் படுத்த இடத்திலிருந்து பாய்ந்து, வேலிக் கதவைத் தாண்டி, தெருமுனையில் போய் அப்பாவுக்காக நிற்கும். சுரங்கத்துக்குள்ளிருந்து கூண்டில் ஏறி அவர் மேலே வந்து, வீடு சேர இன்னும் அரைமணி ஆகும் என்பது அதற்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. மூங்கில் வேலியில் இருந்த தகரக் கதவின்மேல் தொற்றிக்கொண்டு ஆடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அதனால் அம்மா குழாயடிக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் ஆடுவேன். ஒரு மத்தியானம் அப்படி வீசி ஆடிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. மேஸ்திரி பாய்ந்து வந்தது. கதவின் இரும்புச் சட்டம் அதன் நெற்றியில் மோதியது. விழுந்த நாய் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு எழுந்து, தள்ளாடி நாலடி நடந்து, வாந்தி எடுத்துவிட்டு, கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் போய்ச் சுருண்டுகொண்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ரத்தம் வராததால் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அது வேறு நாய். பகலெல்லாம் தூங்கியது. சங்கு ஊதினால் காதைக்கூட அசைக்கவில்லை. சாயங்காலமானால் எழுந்து வேலியோரமாகவே போவதும் வருவதுமாக இருந்தது. தினமும் ஏறி இறங்கும் வாசற்படியில் இடறியது. மூன்றாம் நாள், சோறு வைக்கப் போன அம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வெறி புடிச்சிருக்கும் போலகீதே" என்றார். அம்மா உலை வைத்து இறக்குவதற்குள் அந்தப் பேச்சு லைன் முழுக்கப் போய்விட்டது.

அப்பா நாயை முருங்கை மரத்தில் கட்டினார். "காலைல ஆள் வரச் சொல்லிக்கீறேன். புள்ளைங்க இருக்கிற வூடு" என்று அம்மாவிடம் சொன்னார். ஆள் என்றால் துப்பாக்கியோடு வருகிற ஆள். அதைச் சொல்லிவிட்டு அப்பா சாப்பிடாமலே எழுந்துகொண்டார்.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் வேலை. அவர் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்பே போய் நின்றேன்.

"அதுக்கு வெறி இல்ல சித்தப்பா. நான்தான் கதவால இடிச்சிட்டேன்."

"எப்போ?"

"செவ்வாக்கெழம."

"வாந்தி எடுத்துச்சா?"

"எடுத்துச்சி."

அவர் திட்டவில்லை. நாய்க்குச் சற்றுத் தள்ளிக் குந்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் போனார்.

"ண்ணா, சுரங்கத்துல தலைல அடிபட்டு வர்றவங்கள நான் பாத்துனேதான கீறேன். பகல்ல தூங்கினே இருப்பாங்க. வெளிச்சம் ஆவாது. பொண்டாட்டி கூப்பிட்டாகூட எரிஞ்சி வுழுவாங்க. ரெண்டு மூணு வாரத்துல சரியாப் பூடும். இதுவும் அதான். பத்து நாள் குடு."

"வெறியா இருந்தா இன்னாடா பண்ணுவ?"

"வெறி நாய் பத்து நாள் தாங்காது, தெரிஞ்சிடும். நான் பாத்துக்கறேன்."

அடிபட்ட தொழிலாளிக்கு ஆஸ்பத்திரியில் தரும் சீட்டைப்போலவே, சித்தப்பா என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'பெயர் மேஸ்திரி. தலையில் அடி. பத்து நாள் லைட் டூட்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முருங்கை மரத்தில் செருகினார். அப்பா அதை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்ட சீட்டை மீறி நடந்து அவருக்குப் பழக்கமில்லை. ஆள் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் என்னையும் தம்பியையும் பூதிகோட்டையில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொன்னதற்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன். வேர்க்கடலையும் களியும் தின்று, அத்தை மகள்களோடு ஏரிக்கரையில் ஆடி, பத்து நாள் கழித்து எடை கூடித் திரும்பினேன். வேலிக்குள் நுழைந்ததும் மேஸ்திரி எழுந்து வாலாட்டியது. சங்குக்கு எழுந்து உட்கார்ந்தது. இன்னும் ஒரு வாரத்தில் தெருமுனைக்கே போய்விட்டது. முன்போல் பாய்ச்சல் இல்லை, நடைதான். மத்தியானத் தூக்கம் மட்டும் கடைசிவரை அதைவிட்டுப் போகவில்லை. பிறகு பல வருஷம் எங்களோடு இருந்தது.

ஊரிலிருந்து வந்த அன்று சித்தப்பாவின் மணிக்கட்டில் சின்னதாக ஒரு கட்டு இருந்தது. கட்டுப்போடுகிறவர் கையில் கட்டு இருப்பதில் எனக்கு ஒன்றும் விசேஷமாகப் படவில்லை. ஆனால் அவர் சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சிரித்தார். இன்னா சித்தப்பா என்று கேட்டேன். "ஓட்டல் தோச ஒத்துக்கல கண்ணு" என்றார்.

நாங்கள் போன இரண்டாம் நாளே, கஞ்சி வைக்கப்போன அவரை மேஸ்திரி கடித்திருக்கிறது. கடித்தால் தொப்புளைச் சுற்றித் தினம் ஒரு ஊசி என்பதும், நான் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு வெறி இல்லை என்று எந்த டாக்டராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதும், அவர் எங்களை ஊருக்கு அனுப்பியது அந்தப் பயத்தில்தான் என்பதும் எனக்கு அன்று தெரியாது. நேராக அடுப்படிக்குப் போய், சித்தப்பாவுக்கு இனி ஓட்டல் தோசை வாங்கித் தர வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு, அவருக்கு மோர் கரைக்கப் போனாள்.