கோழி அடைபடுத்த அடுப்பும் ரெபேக்காள் அக்காவும்

சென்ற வியாழக்கிழமை காலை, பந்தல்குடியிலிருந்து வரும் பால்காரர்தான் செய்தியைச் சொன்னார். ரெபேக்காள் அக்கா இறந்துவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். "நர்சம்மா யாருக்கும் ஒரு தொந்தரவும் குடுக்கல தாயி," என்றார் பால்காரர். துக்கத்தின் நடுவிலும் எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை. பரளச்சிப் பக்கம் பிள்ளை பெற்ற வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அழுக்குத் துணியில் பிள்ளையைச் சுற்றியிருந்தால் அதை மாற்றும் வரை வாசலை விட்டு நகரமாட்டார். நன்றாகவே தொந்தரவு கொடுத்தார். அதனால்தான் பல பேர் இன்று நடமாடுகிறார்கள்.

எண்பதுகளின் கடைசியில் அவர் அந்த வட்டாரத்துக்குக் கிராமச் செவிலியர், நான் கிராம சேவிகை. அருப்புக்கோட்டையில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். முந்தி வந்தவர் மற்றவருக்கு இடம் போட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அவர் குடையைப் போட்டு இடம் பிடிப்பார். யாராவது கைப்பிள்ளையோடு ஏறினால் குடையை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். நான் பரளச்சி வரை நின்றுகொண்டே போவேன். வாய்க்குள் திட்டுவேன். அவருக்கும் அது தெரியும்.

அப்போது என் தலையில் கட்டியிருந்த வேலை, வீடு வீடாகப் புகையில்லா அடுப்பு போடுவது. மண்ணால் கட்டிய இரட்டைக்கண் அடுப்பு, புகை வெளியேறக் கூரையைத் தாண்டி ஒரு சிமெண்டுக் குழாய். பெண்கள் அசையவே இல்லை. விதைக்கு எடுத்த சோளக் கதிரையும் சுரைக்காயையும் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டால்தான் பூச்சி அண்டாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் வாய்க்குப் பயந்து ஒத்துக்கொண்டவர் அழகம்மாள் ஒருவர்தான். கணவர் இறந்தபின் தம்பி வீட்டில் இருந்து அந்தக் குடும்பத்தையே நடத்தியவர். சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லோடு ஏற்றுவது அவர்கள் தொழில். அடுப்பைச் சமையலறையில் போட விடவில்லை. பின்னால் சாமான் போடும் அறையைக் காட்டினார். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், விறகு வைக்கும் வாயில் வைக்கோல் பரப்பி, கோழி அடைபடுத்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூட வந்த ரெபேக்காள் அக்கா, "ஏதோ ஒரு உசுரு சூடா இருக்குல்ல தனம், சந்தோசப்படு," என்றார்.

அந்தக் கார்த்திகையில் எங்கள் சீமைக்கு அதிசயமாக அடைமழை பிடித்தது. அழகம்மாளின் தம்பி மனைவி செல்விக்கு, தாய்வீட்டுக்குக் கிளம்ப இருந்த வாரத்தில், ஒரு மாதம் முந்தியே வலி கண்டுவிட்டது. ஊர் மருத்துவச்சி பிரசவம் பார்த்திருந்தாள். எங்களுக்கு ஆள் வந்து, சகதியில் நடந்து போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். நாங்கள் கடந்த சற்று நேரத்தில் ஓடை புரண்டுவிட்டது. இனி பெரியாஸ்பத்திரிக்குப் போக வழியில்லை.

பேறுகால அறையின் கதவும் சன்னலும் அடைத்துக் கிடந்தன. இண்டு இடுக்கிலெல்லாம் சாக்கு திணித்திருந்தார்கள். நடுவில் ஒரு சட்டி நிறையக் கரி கனன்றது. புகையே இல்லை, நல்ல கதகதப்பு. மழையில் நனைந்து போன எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. அக்கா வாசலில் நின்றபடியே செல்வியைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தாள், இரண்டு தரம் வாந்தி எடுத்திருந்தாள். துணைக்கு இருந்த பெண்ணும் தலை கனக்கிறது என்று சுவரில் சாய்ந்திருந்தாள். பிள்ளை ஒரு கைக்குள் அடங்கும். அழக்கூடத் தெம்பில்லை.

அக்கா யாரையும் கேட்கவில்லை. முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக் கரிச்சட்டியைத் தூக்கிப் போய் மழையில் வைத்தார். வந்து சன்னலைத் திறந்தார். அழகம்மாள் ஓடிவந்தார்.

"என்ன நர்சம்மா பண்றீக? இந்த வாடையில பச்சப்புள்ள வெறச்சுப் போகும்ல."

"கரிக்காத்து அதுக்கு முந்திக் கொன்னுரும்க்கா. ரெண்டு பேரையும்."

"புகை வந்தாத்தானே கெடுதல்? கரி ஏற்கெனவே வெந்தது. அதுல இருந்த புகையெல்லாம் மூட்டத்துலயே போயிருச்சு. அதுலயே பொழைக்கிறோம், எங்களுக்குத் தெரியாதா?"

"கண்ணுக்குத் தெரியிற புகைதான்க்கா போயிருச்சு."

ஆனால் அழகம்மாள் பயந்ததும் பொய்யில்லை. பிள்ளையின் பாதம் சில்லிட்டு நீலம் பாரித்திருந்தது. சூடு இல்லாமலும் பிழைக்காது. அக்கா பிள்ளையைத் துடைத்து, செல்வியின் வெறும் நெஞ்சோடு சேர்த்துப் படுக்கவைத்துச் சேலையால் மூடினார். பிறகு சமையலறைக்குப் போனார். அங்கே ஈர விறகு புகைந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதன் நெடியை முகர்ந்துவிட்டு வேண்டாம் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஒன் அடுப்பு எரியுமா?" என்றார்.

எரியும் என்று சொல்லிவிட்டேன். இதுவரை யாரும் எரித்துப் பார்க்கவில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அழகம்மாள் கோழியை முட்டையோடு கூடைக்கு மாற்றினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். விறகு வைத்துப் பற்றவைத்தால், குப்பென்று புகை முழுவதும் எங்கள் மூஞ்சியிலேயே அடித்தது. என் மானம் போயிற்று. "புகையில்லா அடுப்பு," என்று அழகம்மாள் மெல்லச் சொன்னார். செல்வியின் கணவன்தான் அப்போது தயங்கித் தயங்கி, மழைத்தண்ணி இறங்கிவிடும் என்று குழாயின் தலையில் பழைய சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்ததைச் சொன்னான். கொட்டுகிற மழையில் ஓட்டின் மேல் ஏறி அவனே அதை எடுத்தான். எடுத்ததும் புகை திரும்பிக் குழாய்க்குள் ஏறியது.

பருத்திமார்க் குச்சி பொசுக்கென்று எரிந்து அணைந்துவிடும் என்று, காய்ந்த கருவேலங்கட்டையாகப் பொறுக்கி வைத்தார் அக்கா. இரண்டு கண்ணிலும் தண்ணீர்ப் பானை வைத்து இடைவெளியை மண்ணால் அடைத்தார். செல்வியையும் பிள்ளையையும் அந்த அறைக்கு மாற்றினோம். சன்னலை மட்டும் ஒரு சாண் திறந்தே வைத்தார். பொழுது சாயும் நேரம் பிள்ளையின் பாதத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தவர், என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். சூடாக இருந்தது. சற்று நேரத்தில் பிள்ளை அழுதது. நானும் அழுதேன். மறுநாள் ஓடை வடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டது.

ஒரு மாதத்தில் ஊரெல்லாம் வேறு கதை. அழகம்மாள், "எங்க மூட்டத்துக் கரிதான் புள்ளையைக் காப்பாத்துச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸிலேயே குதித்தேன். "கேக்காம விடப் போறீகளா?" அக்கா சிரித்தார். "பேரை அவுகளே வச்சுக்கிறட்டும் தனம். சன்னல மட்டும் தொறந்து வைக்கட்டும்." அதன்பிறகு போகிற வீட்டிலெல்லாம், "அழகம்மாக்கா வீட்டுல கரிச்சட்டிய வெளிய வச்சு, சன்னலத் தொறந்து வச்சுத்தான் புள்ள பொழச்சுச்சு," என்று சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர்கள் போய் அழகம்மாளை மெச்சினார்கள். அடுத்த மழைக்குள் அழகம்மாளே, கரிச்சட்டி வைத்த வீடுகளுக்குப் போய்ச் சன்னலைத் திறந்துவிட்டு வந்தார். எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் கரிக்காற்றில் சாகவில்லை.

துக்க வீட்டுக்கு அழகம்மாளும் வந்திருந்தார். விம்மி விம்மி அழுதார். அழுகை சற்று ஓய்ந்ததும் பக்கத்திலிருந்த பெண்ணிடம், தான் கரிச்சட்டியைத் தூக்கிப்போய் மழையில் வைத்த கதையைச் சொன்னார். நர்சம்மா கூடவே நின்றாராம்.

பெட்டியில் கிடந்த அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் பொறுமையில் கொஞ்சம் எனக்கும் ஒட்டியிருக்கிறது என்று அன்று நினைத்தேன். ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனம் ஆறவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, என் கையை இழுத்து அந்தப் பாதத்தின் மேல் வைத்த அவர் கைதான். அதை வைத்துச் சொல்கிறேன், அவரை அறிந்தவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: அன்று கூட நின்றது நாங்கள். சட்டியைத் தூக்கியவர் ரெபேக்காள் அக்கா.