எப்போதும் பச்சை

எங்கள் கல்லூரி வாலிபால் அணியில் களைப்பே அறியாதவள் மார்லிஸ் ஹூக்ஸ்ட்ரா. ஆட்டத்தில் இறக்கினால்தானே களைப்பதற்கு? நான்காம் ஆண்டிலும் அவள் பெஞ்சை விட்டு எழுந்தது தண்ணீர் பாட்டில் நீட்டவும் கை தட்டவும்தான்.

குதிக்கும் உயரத்தை அளந்து திரையில் காட்டும் ஒரு மின்னணுப் பாயை, 'ஜம்ப் மேட்'டை, கோச் ப்ளம் வாங்கி வந்ததிலிருந்து அவளுக்குப் புது மரியாதை. தினமும் காலையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதன்மேல் ஒரு முறை எம்பிக் குதிக்க வேண்டும். அவரவர் வழக்கமான உயரத்தை எட்டினால் திரையில் பச்சை. உடம்பு அலுத்து, குதிப்பு தாழ்ந்தால் சிவப்பு, அன்று ஓய்வு. எங்கள் அயோவா மாநிலத்தில் வானிலை அறிக்கையைக்கூட நம்பாத மனிதர், இதைத் தெய்வவாக்காக நம்பினார். மார்லிஸ் என்றைக்கும் பச்சைதான்.

"பாருங்க, உடம்ப எப்படி வெச்சிருக்கா. கத்துக்கோங்க," என்று எங்களுக்கு உபதேசம் செய்துவிட்டு, மாலையில் அவளை மறுபடி பெஞ்சில் உட்காரவைப்பார்.

எங்கள் நட்சத்திரம் டெலேனிக்குச் சிவப்பு வந்தால் மட்டும் கதை வேறு. மேட்டை ஒரு தட்டு தட்டி, "பேட்டரி வீக்கா இருக்கு," என்பார். அவளும் முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு ஆடித் தொலைப்பாள்.

நவம்பரில், சொந்த அரங்கில் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். அன்றைக்கு இறுதியாண்டுப் பெண்களை முதலில் இறக்குவதும், அவர்கள் அம்மாக்களுக்குப் பூச்செண்டு கொடுப்பதும் வழக்கம். மாடு கறக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வருவதாக மார்லிஸின் அம்மா சொல்லியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் இவள் கண்ணே மூடவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து குதித்தாள். சிவப்பு.

"இன்னைக்கு நீ ரெஸ்ட் எடு," என்றார் கோச்.

"தூக்கம் வரல, அவ்ளோதான் கோச். இன்னொரு வாட்டி குதிக்கட்டுமா?"

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டெலேனி மேட்டில் ஏறிவிட்டாள். குதித்தாள் என்று சொல்ல முடியாது. குதிகாலைத் தூக்கி வைத்தாள். சிவப்பு.

"என்ன விளையாடறியா?"

"அசதியா இருக்கு கோச். ஆகஸ்ட்லேருந்தே."

அடுத்து நான். எறும்பைத் தாண்டுகிற அளவுக்கு எம்பினேன். எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அணியே சிவப்பு. சாயங்காலம் ஆட ஆளில்லை.

கோச் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து மேட்டைத் தட்டினார்.

"பேட்டரி வீக்கா இருக்கு."

"நான் குதிச்சப்பவும்தானே கோச்?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"நீ குதிச்சப்பவும்தான்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மாலையில் அவள் போட்ட முதல் சர்வ் நேராக வலையில் போய் விழுந்தது. அதற்கும் அவள் அம்மா எழுந்து நின்று கை தட்டினாள். மூன்றாவது செட்டில் மார்லிஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு இரைக்க என் பக்கம் திரும்பினாள்.

"செத்துட்டேன்டி," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.