நம்பர் மட்டும் ஒட்டிய கண்ணாடித் தகடு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பாகூரில் என் அண்ணன் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். வில்லியனூர் பக்கம் மினி பஸ் ஓட்டியவர். யார் எங்கே இறங்குவார்கள் என்று கேட்காமலே பிரேக் போடுவார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும், அவருடைய மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குக் காரியத்தன்றுதான் தெரிந்தது. "எங்க அண்ணன கூறு போடக் குடுத்துட்டியே" என்று பந்தலிலேயே கத்தினேன். அதோடு பேச்சை நிறுத்தினேன். பக்கத்து வீடுதான், ஒரு வருடம் முகம் பார்க்கவில்லை.

பிறகு, மூளையை வாங்கிக்கொண்ட சென்னை ஆய்வுக்கூடத்தார் குடும்பங்களை வரச்சொல்லி அழைத்தார்கள். என் மனைவி நச்சரித்ததால் அண்ணிக்குத் துணையாகப் போனேன். பஸ்ஸிலும் தனித்தனி சீட்.

அங்கே ஓர் இளம்பெண் விஞ்ஞானி ஒரு கண்ணாடித் தகட்டைக் காட்டினார். முடியைவிட மெல்லிசாகச் சீவிய மூளைத் துண்டு, பார்க்க வெறும் சாம்பல் கறை. நம் உடம்பில் எங்கும் ஒரே மரபணுக்கள்தானாம். எந்த இடத்தில் எது வேலை செய்கிறது என்பதுதான் மாறுமாம். ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு நிறம் கொடுத்துத் திரையில் போட்டார். ஒன்றுமே தெரியாத இடத்தில் மூளைப் பகுதிகளின் எல்லைகள் அடுக்கடுக்காக எழுந்து வந்தன.

"நாங்க கோடு போடல சார், மரபணுவே காட்டிக் குடுக்குது. ஞாபகம் உருவாகிற எடம் இது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தனை பேர் இறங்கும் இடத்தையும் அண்ணன் இப்படியோர் இடத்திலா வைத்திருந்தார்?

"இது எங்க அண்ணனோடதாம்மா?"

"எங்களுக்கே தெரியாது சார். நம்பர் மட்டும்தான் இருக்கும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரோடதா இருந்தா இன்னா தம்பி, எல்லார் தலையிலயும் இவ்ளோ இருக்குதே" என்றார்.

ஒரு வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அங்கேயே, அந்தப் பெண்ணின் எதிரிலேயே, "மன்னிச்சிடு அண்ணி" என்று அழுதேன். ஊருக்கு வந்ததும் அன்று பந்தலில் இருந்த சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பார்த்ததையெல்லாம் சொன்னேன்.

கோபத்தில் ஒருவரை முட்டாள் என்று சொல்ல இப்போதும் வாய் வருகிறது. அந்தத் தலைக்குள் இருப்பதை நினைத்ததும் அடங்கிவிடுகிறது.