சக்கர நாற்காலி இருக்கிறதா?

ரோட்டோரம் கட்டப்போகும் புது வீடுகளுக்கு ஆள் தெரிவு செய்ய அதிகாரி வருகிறார் என்றதிலிருந்து எங்கள் பெயர் விடுபட்டுவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயம் மேட்டில் இருக்கிறது. லிந்துலை ரோட்டுக்கு இறங்க எழுபத்திரண்டு படி. அக்காவுக்கு நாலு வருஷமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீடு கிடைத்தால்தான் அவள் வாசலைத் தாண்ட முடியும்.

அம்மாவோ காலையிலேயே பக்கத்து வீட்டு நாற்காலிகளையும் எதிர்வீட்டுத் திரைச்சீலையையும் இரவல் வாங்கி வந்துவிட்டாள். ஆபிஸ் ஆள் வந்தால் எங்கள் லயத்தில் எல்லோரும் செய்வதுதான்.

"இல்லாததப் பாக்கத்தானேம்மா வர்றாங்க?"

"அதுக்காக வர்றவங்க முன்னாடி மானத்த விடச் சொல்றியா?"

அதிகாரி வந்தார். இளவயது, நல்ல மாதிரி. சக்கர நாற்காலி இருக்கிறதா என்று கேட்டார். யாரோ தானம் கொடுத்தது, பொலித்தீன் சுற்றிச் சுவரில் மாட்டியிருந்தது. இருக்கு என்றாள் அம்மா. கோப்பில் இருந்த படிவத்தின் கட்டத்தில் சரி போட்டார்.

"வேற ஏதும் கஷ்டம் இருக்காம்மா?"

"எங்களுக்கென்ன கொறைங்க ஐயா, நல்லாத்தான் இருக்கோம்."

ஒருவரிடம் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், அதைக் கொண்டு அவரால் என்ன செய்ய முடிகிறது என்று பாருங்கள் என்று தலவாக்கலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பொருளியல் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். அன்று என் வாய் திறக்கவில்லை. அம்மா சொன்னதைப் பொய்யாக்க வேண்டுமே என்ற பாழாய்ப்போன கூச்சம். அவர் கோப்பை மூடிய பிறகுதான் பதறிப்போய்ச் சொன்னேன்.

"ஐயா, அந்த நாற்காலி படியில எறங்காதுங்க. ஆஸ்பத்திரிக்குன்னா நாலு பேரு தூக்கிட்டுப் போறாங்க. மத்தபடி அக்காவுக்கு இந்தக் கட்டில்தான்."

அம்மா என்னை முறைத்தாள். அவர் கோப்பை மறுபடி திறந்து, முதல்முறையாக அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"ரோட்டுக்குப் பக்கத்துல வீடு கெடச்சா எங்க போக ஆசைங்க?"

சொல்லு, சொல்லித்தொலை என்று எனக்குள் அடித்துக்கொண்டது. கோயில், கடைத்தெரு, எதையாவது சொன்னால் போதும், அவர் எழுதிக்கொள்வார். அக்கா அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியில் என்னிடம் கேட்டாள்.

"எங்கெங்க போகலாம்?"

வீடு கிடைப்பவர்களின் பெயர்ப் பட்டியல் இன்னும் ஒட்டப்படவில்லை. அதில் எங்கள் பெயர் இருக்காதோ என்ற பயத்தைவிட, ஆசைப்படவே மறந்துபோனவள் மாதிரி அவள் அப்படிக் கேட்டதுதான் எனக்கு இப்போது பெரிய பயம்.