பெயர் சொல்லாத விண்ணப்பம்

அம்மா உயிர்விட்ட அன்று பின்னேரம் நான் வேலையில் இல்லை. ஷிப்ட் இருக்கிறது, விட முடியாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, லண்டன் இல்ஃபோர்ட்டில் எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்தேன். அம்மா மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அண்ணன்தான் தனியாகக் கட்டிலருகே இருந்தார்.

இதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். எங்கள் தமிழ்ச் சபையில் ஜெபக் கூட்டம் நடத்துகிற அக்கா. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கிறிஸ்துவின்ர நீதி உம்மை மூடியிருக்குது பிள்ளை. பிதா பார்க்கேக்க உம்மட குற்றம் தெரியாது, அவரைத்தான் தெரியும்."

அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த செவ்வாய், ஆன்லைன் ஜெபக் கூட்டத்தில் அதே அக்கா சொன்னார். "ஒரு சகோதரிக்காக ஜெபிப்பம். பேர் சொல்லமாட்டன். தாய் சாகேக்க ஷிப்ட் எண்டு பொய் சொல்லிப்போட்டு ரயிலில சுத்தினவ. அந்தக் குற்ற உணர்விலயிருந்து கர்த்தர் விடுவிக்கவேணும்."

பெயர் எதற்கு? போன மாதம் தாயை அடக்கம் செய்தவள் எங்கள் சபையில் நான் ஒருத்திதான். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எனக்காக உருகினார்கள். அவர்களில் என் அண்ணியும் இருந்தார்.

கூட்டம் முடியுமுன்னே அண்ணனின் அழைப்பு வந்தது. "கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டவ. ஷிப்ட் முடிஞ்சு வருவாள் எண்டு நானும் சொல்லிக்கொண்டு இருந்தனான்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் என்னவென்று அன்று தெரிந்தது. அக்காவிடம் நேரே போய்க் கேட்டேன்.

"உமக்காகத்தானே ஜெபிக்கச் சொன்னனான்," என்றார் முகம் கோணாமல்.

"கிறிஸ்து மூடினதை நீங்கள் ஏன் அக்கா திறந்தனீங்கள்?"



பரமேறிய திருநாள் ஆராதனைக்குப் போனேன். அந்த நாள் எனக்கு எப்போதும் ஒரு குறைதான். சாவை வென்று வந்த இயேசு நாற்பதே நாளில் நம்மை விட்டுவிட்டுப் பரலோகம் போய்விட்டாரே என்று இருக்கும். போதகர் சொன்னார், அவர் கைவிட்டுப் போகவில்லை, பிதாவின் வலது பக்கத்தில் இருந்து நமக்காகப் பரிந்து பேசப் போனார் என்று. முதல்முறையாக அது எனக்கு இனித்தது. என் கதை முழுவதும் தெரிந்த ஒருவர், அதைப் பிதாவிடம் மட்டும் பேசுகிறார். அவர் மேலே போனதே நல்லது. இங்கேயே இருந்திருந்தால் அக்கா அவரையும் சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்திருப்பார்.

வாசலில் அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். "கர்த்தர் உம்மை ஏற்றுக்கொண்டிட்டார் பிள்ளை."

"ஓம் அக்கா, அவர் ஏற்றுக்கொண்டிட்டார்," என்று சொல்லி, என்னை விடுவித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் இருந்து அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். போய்ச் சேரவில்லை. அண்ணன் என் நம்பரைத் தடுத்துவைத்திருந்தார். சின்ன வயதிலிருந்து அவர் கோபித்தால் எனக்காகப் பரிந்து பேசியவர் அம்மா ஒருவர்தான்.